அக்காவுக்கு மட்டும் குளிர்

முதலில் வைத்த தெர்மாமீட்டரை நர்ஸ் நம்பவில்லை. இன்னொன்றை எடுத்து வந்து அக்காவின் அக்குளில் வைத்துக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அதுவும் அதே எண்ணைத்தான் காட்டியது. தொண்ணூற்று மூன்று. வெளியே வெயில் நூற்று நான்கைத் தொடும் என்று காலையில்தான் செய்தியில் சொல்லியிருந்தார்கள். ரோட்டுத் தார் இளகிச் செருப்பில் ஒட்டிக்கொண்டு வருகிற நாளில், ஒரு மனுஷியின் உடம்பு வெயிலைவிடப் பதினோரு டிகிரி குறைவாக இருந்தது.

"உயிரோடதானே இருக்காங்க?" என்று கேட்டுவிட்டேன்.

நர்ஸ் என்னை முறைத்தாள். நான் வேண்டுமென்று கேட்கவில்லை, வாயில் அதுதான் வந்தது. என் வாய் அப்படிப்பட்ட வாய். இந்தக் கதையில் நடந்த கெட்டதில் பாதிக்கு அந்த வாய்தான் காரணம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அவள் எனக்கு ஓரகத்தி, நான் அவளுக்கு ஓரகத்தி. மாடியில் அவர்கள், கீழே நாங்கள், சமையலறை மட்டும் ஒன்று. ஒரே சமையலறையில் இரண்டு ஓரகத்திகள் பதினைந்து வருடம் ஓட்டினோம் என்றால் அதற்கு அவளுடைய பொறுமைதான் காரணம். என்னை யாரும் பொறுமைசாலி என்று சொன்னது கிடையாது.

இருவரும் வேலை பார்த்ததும் ஒரே இடத்தில்தான். ஹோட்டல்களின் துணியை வெளுத்துக் கொடுக்கும் பெரிய லாண்டரி. ஒரு பக்கம் வாஷிங் மெஷின்கள், நடுவில் இஸ்திரி ரோலர், கடைசியில் சுவரை ஒட்டி ஆறு டிரையர்கள். டிரையர் பக்கம் நின்று வேலை செய்வது அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு வேலை செய்வது போல. அங்கே முறை வைத்துத்தான் ஆள் போடுவார்கள், ஆளுக்கு ஒரு வாரம். அக்கா வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே, "நான் அங்கயே நிக்கிறேனே, எனக்கு இதமா இருக்கு" என்றாள். சூப்பர்வைசர் வாயைப் பிளந்தார். நாங்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வலிய வந்து தலையைக் கொடுப்பவளை யார் தடுப்பார்கள்? ஒன்பது வருடம் எங்கள் எல்லோருடைய முறையையும் சேர்த்து அவளே நின்றாள். அவள் அங்கேயே நின்றதால் அவளுக்கு ஜோடியாக நானும் நிற்க வேண்டி வந்தது. அந்தக் கடுப்பில்தான் அவளுக்கு 'ஐஸ் பெட்டி' என்று பெயர் வைத்தேன். பெயர் பசை போட்டு ஒட்டின மாதிரி ஒட்டிக்கொண்டது. லாண்டரிக்கு வரும் வேன் டிரைவர்வரை, "என்ன ஐஸ் பெட்டி, இன்னிக்கு எத்தனை டிகிரி?" என்பார். அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

பெட்ஷீட் மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து விறைப்பாக இழுத்து, ஒரு உதறு உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது ஒருத்தி விரல் இன்னொருத்தி விரலில் படும். ஒரு நாளைக்கு முந்நூறு ஷீட் என்றால் முந்நூறு தடவை. டிரையரிலிருந்து கை பொறுக்காத சூட்டில் வரும் ஷீட்டைப் பிடித்திருக்கும் அவள் விரல் குழாயில் நனைத்து எடுத்தது போலச் சில்லென்று இருக்கும். ஒவ்வொரு தடவையும் அது என் கையில் பட்டது. "அக்கா, செத்த கோழி மாதிரி இருக்கு உங்க கை" என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு என்மீதே ஆத்திரம் வருகிறது.

வீட்டிலும் அதே கூத்துதான். கோடையில் நாங்கள் எல்லோரும் மொட்டைமாடியில் காற்றுக்குத் தவம் கிடப்போம். அக்கா உள்ளே ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஸ்வெட்டர், சாக்ஸ், அதற்கு மேல் கம்பளி என்று கிடப்பாள். சமையலறையில் நான் ஃபேனைப் போடுவேன், அவள் வந்து அணைப்பாள். நான் போடுவேன், அவள் அணைப்பாள். சண்டைகூடப் போடமாட்டாள். மெதுவாக நடந்து வந்து, ஸ்விட்சைத் தட்டிவிட்டு, மெதுவாகப் போவாள். எல்லாமே மெதுவாக. ஒரு வெங்காயம் நறுக்குவதற்குள் நான் சமையலையே முடித்துவிடுவேன். "சோம்பேறித்தனத்துக்கு ஒரு ஸ்வெட்டரையும் மாட்டிக்கிட்டாங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்வேன். அவர் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல் "ம்" என்பார்.

இந்த அக்கா, நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது எப்படி இருந்தாள் தெரியுமா? தரையில் தண்ணீரைத் தெளித்து ஃபேனுக்கு நேர் கீழே கையைக் காலை விரித்துப் படுப்பாள். "அய்யோ, வேகுதே" என்று ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிவாள். மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாவி ஏறுவாள். அவள் சிரித்தால் தெருமுனைவரை கேட்கும். இதெல்லாம் எனக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது. ஒருத்தி கண்ணெதிரே வேறு ஆளாகிவிட்டாள், ஒரே கூரையின் கீழ் இருந்த எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

நானும் அவளும் ஒரே வருடத்தில் பிள்ளை பெற்றோம். எனக்குப் பையன் பிறந்து நாற்பதாம் நாள் அவளுக்குப் பெண் பிறந்தது. எனக்கு ஒரு தும்மல் போட்ட மாதிரி எளிதாக முடிந்தது. அவளுக்கு ரத்தம் நிற்கவே இல்லை. சின்ன நர்சிங் ஹோம். ரத்தம் ஏற்றுவதற்கு மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், பைத்தியம் பிடித்தவர் போல ஊரெல்லாம் அலைந்தார். பன்னிரண்டாம் நாள் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தபோது முகம் காகிதம் போல இருந்தது. பிழைத்தாளே என்று எல்லோரும் பெருமூச்சு விட்டோம்.

ஆனால் பால் வரவில்லை. நர்சிங் ஹோமில் கொடுத்த புட்டிப்பாலும் பிள்ளைக்குச் சேரவில்லை. பிள்ளை வாய் வைத்து உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு வீறிட்டு அழும். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அந்த அழுகை தாங்காமல் நான்தான் பிள்ளையைத் தூக்கினேன். ஒரு பக்கம் என் பையன், மறுபக்கம் அவள் பெண். எட்டு மாதம். தூக்கம் கிடையாது, முதுகு விட்டுப் போனது, மார்பு புண்ணாகிப் போனது. அதைப் பெரிய தியாகம் என்று சொல்லவில்லை, பசிக்கிற பிள்ளைக்கு யாராக இருந்தாலும் கொடுப்பார்கள். அதோடு விட்டிருந்தால் நான் நல்லவள்தான்.

ஒரு நாள் எங்கள் மாமியார் என் காதோடு காதாகச் சொன்னார். அவர் இப்போது உயிரோடு இல்லை. "மனசு வெச்சா வராதா? அழகு போயிடும்னு அடக்கி வெச்சிருக்கா. உன்னை மாதிரி ஆகுமா?" என்றார். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? பெரிய மருமகள், நிறமானவள், மாமியாருக்குச் செல்லம். அவளைவிட நான் உசத்தி என்று முதல் தடவையாக ஒருவர் சொல்கிறார். பால் என்ன, குழாயா மூடி வைப்பதற்கு என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்க விரும்பவில்லை.

அன்றிலிருந்து ஊரைக் கூட்டிச் சொன்னேன். பக்கத்து வீடு, எதிர் வீடு, தையல்காரி, லாண்டரி, கல்யாண வீடு, சாவு வீடு. யார் கிடைத்தாலும், "அக்கா பொண்ணா? என் பால் குடிச்சு வளர்ந்தவ. அவங்க எங்க குடுத்தாங்க? அழகு போயிடும்னு அடக்கி வெச்சுட்டாங்க" என்று ஆரம்பித்துவிடுவேன். அக்கா பக்கத்தில் இருந்தாலும் சொல்வேன். அவள் எழுந்து மெதுவாக உள்ளே போய்விடுவாள்.

பிள்ளைகள் காதில் விழாமல் இருக்குமா? இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள். அக்காவின் பெண்ணுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஸ்கூல் டூர் போகக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். பெண் காலை உதைத்துக் கத்தினாள். "நீ எனக்குப் பால்கூடக் குடுக்கல! இப்ப மட்டும் என்ன அம்மா?"

அடுப்பில் கிளறிக்கொண்டிருந்த கரண்டியோடு நான் அப்படியே நின்றேன். அக்கா ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டு மாடிக்குப் போனாள். அதற்குப் பிறகு தாயும் மகளும் பேசிக்கொள்வது குறைந்து போனது. பெண் எதற்கெடுத்தாலும் "சித்தி, சித்தி" என்று என்னிடம்தான் வருவாள். எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. இருந்தாலும் வாயை நிறுத்தவில்லை.

டாக்டரிடம் காட்டவே இல்லை என்று நினைக்க வேண்டாம். நான்கு பேரிடம் காட்டினார்கள். ஒருவர் ரத்தம் கம்மி என்று சத்து மாத்திரை கொடுத்தார். ஒருவர் தைராய்டு பரிசோதனை எழுதிக் கொடுத்துவிட்டு, நார்மல் என்றார். ஒருவர் நன்றாகச் சாப்பிட வேண்டும், நடக்க வேண்டும் என்றார். நான்காமவர் எல்லாக் காகிதத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, மனசை லேசாக வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் மாமாதான் கூடப் போவார். "எப்பவும் குளிருதுங்கறா டாக்டர்" என்று அவரே பேசுவார், அவரே கேட்டுக்கொள்வார், அவரே மாத்திரை வாங்கி வருவார். அக்கா பக்கத்தில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பாள்.

பிள்ளை பிறந்த பிறகு அவளுக்கு மாதவிலக்கு திரும்ப வரவே இல்லை. இது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு நாள் துணி காயப்போடும்போது, "எனக்கு அது நின்னே போச்சு, தெரியுமா?" என்றாள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. "தொல்லை விட்டதுன்னு இருங்கக்கா. எனக்கு நிக்க மாட்டேங்குதே" என்றேன். இருபத்தாறு வயதில் நின்று போனதென்றால் விஷயம் என்ன என்று என் மரமண்டைக்கு ஏறவில்லை.

அக்கா மயங்கி விழுந்த அன்று காலையிலேயே அவளுக்கு உடம்பு சரியில்லை. இரண்டு நாளாக வாந்தி, வயிற்றுப்போக்கு. "லீவு போடுங்கக்கா" என்றேன். "டிரையர்கிட்ட நின்னா சரியாயிடும்" என்று வந்தாள். பதினோரு மணி இருக்கும். ஷீட்டின் இரண்டு முனையை நான் பிடித்திருந்தேன், இரண்டை அவள் பிடித்திருந்தாள். இழுத்தேன். அந்தப் பக்கம் விறைப்பு இல்லை.

"இழுத்துப் பிடிங்கக்கா, தூங்குறீங்களா?" என்றேன்.

ஷீட் தொய்ந்து தரையைத் தொட்டது. அதன் மேலேயே அவளும் சாய்ந்தாள். சத்தம்கூட வரவில்லை. ஓடிப்போய்த் தூக்கினால் ஆறு டிரையர் சூட்டுக்கு முன்னால் கிடக்கும் அந்த உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. "ஐஸ் பெட்டி விழுந்துடுச்சு" என்று யாரோ கத்தினார்கள். நான் வைத்த பெயர் அது.

ஆஸ்பத்திரியில் சர்க்கரை இறங்கிவிட்டது என்றார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரத்த அழுத்தம் இல்லவே இல்லை என்கிற அளவுக்குக் குறைந்திருந்தது. கண்ணைத் திறப்பாள், மறுபடி சொருகிவிடும். ஒரு மணி நேரம் இப்படியே. மாமா வந்தார். ஸ்கூலிலிருந்து பெண்ணையும் அழைத்து வந்திருந்தார். அவள் யூனிஃபார்மோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றாள், அம்மாவைத் தொடுவதற்குப் பயந்துகொண்டு.

பிறகுதான் அந்த லேடி டாக்டர் வந்தார். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். காகிதங்களைப் பார்க்காமல் அக்காவையே கொஞ்ச நேரம் பார்த்தார். புருவத்தின் ஓரத்தை விரலால் தடவினார். கன்னத்தை அழுத்தினார்.

"இவங்களுக்கு ஏற்கெனவே என்ன வியாதி?"

"ஒண்ணும் கிடையாது டாக்டர்" என்றார் மாமா. "எப்பவும் குளிருதும்பா. அவ்வளவுதான்."

"எப்பலேருந்து?"

"கல்யாணம் ஆனதுலேருந்தே அப்படித்தான்."

"இல்ல மாமா" என்றேன். "நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல ஃபேன விட்டு நகர மாட்டாங்களே. பொண்ணு பிறந்ததுக்கு அப்புறம்தான்." சொல்லும்போதுதான் எனக்கே நினைவு வந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "பிரசவம் எப்படி ஆச்சு?"

"ரத்தம் நிறையப் போச்சு. பொழைக்கறதே கஷ்டம்னாங்க."

"பிள்ளைக்குத் தாய்ப்பால் குடுத்தாங்களா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? அங்கே, அவள் கண் சொருகிக் கிடக்கும்போது, அவள் மகள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, பழைய ராகத்திலேயே சொன்னேன். "அவங்க எங்க குடுத்தாங்க? ரெண்டு பிள்ளைக்கும் நான்தான் குடுத்தேன்."

சொன்னதும் வழக்கமாக எல்லோரும் 'அடடா' என்பார்கள். அந்த டாக்டர் முகம் மாறிவிட்டது. "ஒரு சொட்டுகூட வரலையா?" என்று என்னைப் பிடித்து உலுக்குவது போலக் கேட்டார்.

"வரல."

"அதுக்கப்புறம் பீரியட்ஸ்?"

"வரல."

"அக்குள்ல முடி உதிர்ந்துச்சா? புருவத்துல? குரல் கரகரன்னு ஆச்சா? எல்லாத்தையும் மெதுவா செய்றாங்களா? எப்பப் பாத்தாலும் களைப்பு, தூக்கம்?"

மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குக் கூச்சம். அரை மணி நேரத்துக்கு முன்பு அக்காவைப் பார்த்தே இராத ஒரு பெண், எங்கள் வீட்டுச் சமையலறையில் பதினான்கு வருடம் உட்கார்ந்து பார்த்தவள் போல ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினேன்.

டாக்டர் திரும்பி நர்ஸிடம் ஒரு ஊசியின் பெயரைச் சொன்னார். "ரத்தம் எடுத்து அனுப்பிடு. ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இப்பவே போடு." பிறகு எங்களிடம், "சாயங்காலம் வரைக்கும் பாக்கணும். உயிருக்கு நான் இப்ப உத்தரவாதம் குடுக்க முடியாது. இதைச் சொல்லாம இருந்திருந்தீங்கன்னா பாக்கறதுக்கே ஒண்ணும் இருந்திருக்காது" என்றார்.

மாமா முகத்தில் ஈயாடவில்லை. "எதைச் சொன்னா டாக்டர் இவ?" என்றார்.

"பால் வரலைங்கறதை. இத்தனை வருஷத்துல ஒரு டாக்டர்கிட்டகூடவா அதைச் சொல்லல?"

என் தலையில் இடி விழுந்தது. தையல்காரியிடம் சொன்னேன். வேன் டிரைவரிடம் சொன்னேன். பெயர் தெரியாதவர்களிடம், பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்களிடமெல்லாம் சொன்னேன். ஊரில் ஒரு டாக்டர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் சொல்லியிருக்க வேண்டிய விஷயத்தை, டாக்டரைத் தவிர எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். வியாதி என்று சொல்ல வேண்டியதை நாங்கள் குணம் என்று சொல்லிவிட்டோம். குணத்தை யார் டாக்டரிடம் கொண்டு போவார்கள்?

வராந்தா பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். பெண் என் பக்கத்தில் உட்காரவில்லை, அப்பாவுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். டீ வாங்கி வந்தார் மாமா. யாரும் குடிக்கவில்லை. செத்துப் போனால் என்ன செய்வேன் என்று நினைத்தேன். 'அழகுக்காகப் பிள்ளையைப் பட்டினி போட்டவள்' என்ற பெயரோடேயே போய்விடுவாள். மகளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெயரை வைத்தது மாமியார் என்றாலும் பதினான்கு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்தது நான். அந்த மத்தியானம் போல ஒரு மத்தியானம் எனக்கு இனி வேண்டவே வேண்டாம்.

நாலரை மணிக்கு நர்ஸ் எட்டிப் பார்த்து, "பேசறாங்க" என்றாள்.

உள்ளே ஓடினோம். அக்கா கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். மூடவில்லை. மாமாவைப் பார்த்து, "பசிக்குது" என்றாள். மாமா பெரிய ஆண்பிள்ளை, லாரி ஓட்டுகிறவர். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மூன்றாம் நாள் ஸ்கேன் ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டர் வந்தார். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாங்கள் மூவரும் சுற்றி நின்றோம்.

"மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கும்மா" என்று ஆரம்பித்தார் டாக்டர். "மத்த சுரப்பிக்கெல்லாம் அதுதான் மேஸ்திரி. அது சொன்னாத்தான் தைராய்டு வேலை செய்யும், உடம்புல சூடு உண்டாகும். அது சொன்னாத்தான் பால் சுரக்கும், மாசாமாசம் விலக்கு வரும். கர்ப்பமா இருக்கும்போது அந்தச் சுரப்பி பெருசாகும், அதுக்கு நிறைய ரத்தம் வேணும். உங்களுக்குப் பிரசவத்துல போன ரத்தத்துல அது பட்டினியாலேயே செத்துப் போச்சு. ஸ்கேன்ல அந்த இடம் கிட்டத்தட்ட காலியா இருக்கு."

"தைராய்டு பாத்தோமே, நார்மல்னு சொன்னாங்களே" என்றார் மாமா.

"ஒரே ஒரு அளவை மட்டும் பாத்திருக்காங்க. மேஸ்திரி செத்துட்டா அந்த அளவு நம்மளை ஏமாத்திடும். எப்பவும் குளிருதுன்னு வர்றவங்க நிறையப் பேர் இருக்காங்க. சிலருக்கு ரத்தம் கம்மியா இருக்கும், சிலர் சரியா சாப்பிட மாட்டாங்க, சிலருக்கு உடம்பு வாகே அப்படி. எப்பலேருந்துன்னு கேட்டாத்தான் பிடி கிடைக்கும்." அக்காவைப் பார்த்தார். "மாத்திரை ஆயுசு பூரா சாப்பிடணும். ஒரு நாள்கூட விடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா இந்தக் குளிர், களைப்பு எல்லாம் போயிடும். ஏதாவது கேக்கணுமா?"

மாத்திரையைப் பற்றிக் கேட்பாள், வேலைக்குப் போகலாமா என்று கேட்பாள் என்று நினைத்தேன். அக்கா கொஞ்ச நேரம் கம்பளியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்போ... பால்?" என்றாள்.

"பால் என்னம்மா?"

"நான் நெனச்சிருந்தா வந்திருக்குமா?"

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "வந்தே இருக்காதும்மா. நீங்க தலைகீழா நின்னிருந்தாலும் ஒரு சொட்டு வந்திருக்காது. சுரக்கச் சொல்றதுக்கே உள்ள ஆள் இல்ல."

"இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்."

டாக்டர் இன்னொரு தடவை சொன்னார்.

"எல்லாரும் சொல்லிச் சொல்லி, நான்தான் மனசறிஞ்சு குடுக்காம விட்டுட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்றாள் அக்கா. "பிள்ளை அழும்போது நான் என்ன நெனச்சேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாப்பேன். எனக்குள்ள அப்படி ஒரு கெட்டவ இருக்காளோன்னு."

பதினான்கு வருடம் கம்பளிக்குள் படுத்துக்கொண்டு இதைத்தான் யோசித்திருக்கிறாள். அவளுக்குக் குளிர்தான் கஷ்டம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவள் மகளைப் பார்த்தாள். "கேட்டியா?" என்றாள். கோபமாக இல்லை. நிஜமாகவே அவள் காதில் விழுந்ததா என்று தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். பெண் கட்டிலில் ஏறி, யூனிஃபார்ம் ஷூவைக்கூடக் கழற்றாமல், அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நர்ஸ் ஏதோ சொல்ல வந்தாள். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

நான் அக்காவின் காலைப் பிடிக்கப் போனேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் வேண்டாம். நீ இல்லன்னா இவ பொழைச்சிருக்க மாட்டா. அது எனக்குத் தெரியும், அதுக்கு நான் என்னிக்கும் நன்றி மறக்க மாட்டேன்" என்றாள். பிறகு அந்தக் கரகரத்த குரலில், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "ஆனா அதை எங்கெங்க போய்ச் சொன்னியோ, அங்கெல்லாம் போய் இதையும் சொல்லு. ஒரு வீடு விடக் கூடாது."

"சரிக்கா" என்றேன்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். முதலில் பக்கத்து வீடு. துணி மடித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும், "ஐஸ் பெட்டி எப்படி இருக்கு?" என்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தம் போனது, சுரப்பி செத்தது, பால் வரவே முடியாது என்று டாக்டர் சொன்னது. அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"அப்போ அழகுக்காக அடக்கி வெச்சிருக்காங்கன்னு இத்தனை வருஷமா நீ சொன்னதெல்லாம்?"

"பொய்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.